விளையாட்டு வழியே அறிவியல்

கேள்வி: இணைய வீடியோ கேம்களைக் கொண்டு மாணவர்களுக்கு அறிவியலும் பொறியியலும் கற்பிக்க இயலுமா?

பதில்: இயலும், ஆனால் எல்லா விளையாட்டுக்கும் இது பொருந்தாது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ‘ஃபோல்டிட்’ விளையாட்டில், புரதச் சங்கிலியைத் திரையில் மடக்கி, அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமலும் உள்ளே வெற்றிடம் விழாமலும் அமைத்தால் அதன் ஆற்றல் குறைந்து மதிப்பெண் உயரும் என்பதால், ஆற்றல் குறைந்த வடிவமே நிலையானது என்ற விதியை மாணவர் ஆடிப்பார்த்தே உணர்ந்துகொள்கிறார். ஆய்வாளர்களுக்குப் பத்தாண்டுக்கு மேலாகப் பிடிபடாதிருந்த, குரங்கு வைரஸ் ஒன்றின் நொதி வடிவத்தைக் கண்டறிய 2011இல் வழிவகுத்தவர்கள் இதன் ஆட்டக்காரர்களே. பொறியியலுக்குப் பாலம் கட்டும் விளையாட்டுகளைப் பரிந்துரைப்பேன். வண்டி ஏறியதும் பாலத்தைத் தாங்கும் எந்தச் சட்டம் முறிகிறது என்பது கண்முன்னே தெரிந்துவிடும். அது ஏன் முறிந்தது என்று ஆசிரியர் கேட்டு, இழுவிசையையும் அமுக்கவிசையையும் தாளில் கணக்கிட வைக்காவிட்டால், மாணவர் அடுத்த கட்டத்துக்குத் தாவுவதிலேயே குறியாக இருப்பார்.