குழந்தை உடம்பில் ஈயம்: கேள்வி பதில்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): வீட்டுக்காரருக்குப் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் வேலை. மூணு வயசுப் பையனுக்கு அடிக்கடி வயித்துவலி, மலச்சிக்கல். பூச்சி மருந்துக்கும் கேட்கலை, டாக்டர்.

பதில்: இதோடு முகம் வெளிறுவது, பசி குறைவது, ஓயாத சிணுங்கல், மண் தின்பது, பேசிய சொற்களை மறப்பது ஆகியவை சேர்ந்தால் ஈயத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். ஒன்றுமே வெளியே தெரியாமல் ரத்தத்தில் ஈயம் ஏறிய குழந்தைகள் நிறைய. பேட்டரியில் உள்ள ஈயத்தின் தூசி உடையோடு வீடு வந்துவிடும். ஆகவே அப்பாவின் தொழில் ஒன்றே போதும், ரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுங்கள், கூடப் பிறந்தவர்களுக்கும். அவர் பட்டறையிலேயே குளித்து உடை மாற்றி வரட்டும். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு ஊறப் போடாதீர்கள். பெருக்கினால் தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி (நகரி): குழந்தைக்கு விரலில் குத்தி எடுத்ததில் ஈய அளவு 12 வந்தது. நம்பலாமா?

பதில்: விரலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டும். கை நரம்பில் ரத்தம் எடுத்து மறுபடி பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறதென்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே பத்திரம் என்றும் அர்த்தமில்லை. 45ஐத் தொட்டால்தான் ஈயத்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் சக்சிமர் போன்ற மருந்து. அதுவரை வழியை அடைப்பதே வைத்தியம். எலும்பில் தங்கியது மெதுவாகத்தான் கசியும், அளவு சட்டென்று இறங்காது. முடியைப் பரிசோதிப்பது காசுக்குக் கேடு.

கேள்வி (குப்பம்): ரத்தசோகைக்கு இரும்பு டானிக் கொடுத்தால் ஈயம் போய்விடுமா?

பதில்: போகாது. ஆனால் இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், அதனால் டானிக் அவசியம். எடைக்கேற்ற அளவை டாக்டர் சொல்லட்டும். பாலோடும் டீயோடும் கொடுக்காதீர்கள். ஒழுங்காகக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால் ஈயமும், பரம்பரையாக வரும் ரத்தசோகையான தலசீமியாவும் பார்க்க வேண்டும்.

கேள்வி (வேலந்தாவளம்): ஈயச் சொம்பு ரசம், கண்மை, கடை மஞ்சள்தூள். எதை நிறுத்துவது?

பதில்: சொம்பு சுத்தமான வெள்ளீயமாக (டின்) இருந்தால் பிரச்சினையில்லை. காரீயம், அதாவது நாம் இங்கே பேசும் ஈயம், கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும், பார்வைக்குத் தெரியாது. குழந்தைக்கு ஸ்டீல் பாத்திரமே போதும். விளக்குப் புகையில் எடுத்த மை வேறு. கடை சுர்மாவில் ஈயக்கல் பொடி இருக்கலாம், அதை விடுங்கள். பளீரென்ற மஞ்சளில் ஈய குரோமேட் என்ற சாயம் கலப்பதுண்டு. கிழங்குக்கும் அதைப் பூசி மெருகேற்றுவார்கள், ஆகவே கிழங்கு வாங்கி அரைத்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி (நகரி): எப்போது உடனே ஓட வேண்டும்?

பதில்: வாந்தி நிற்காமல் தள்ளாட்டம், அரைமயக்கம், வலிப்பு வந்தால். தூண்டில் ஈயக்குண்டை விழுங்கினால் அறிகுறி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க அன்றே போங்கள்.