கெப் வண்டிக்கு எந்த டயர்?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே எங்களுக்குக் கொஞ்சம் தேயிலையும், லீக்ஸ், கரட், கோவா போடும் காணியும் உண்டு. கொழுந்தைத் தொழிற்சாலைக்கும் மரக்கறியை நுவரெலியாவுக்கும் நான்கு சில்லு இழுவையுள்ள பழைய கெப் ஒன்றில் ஏற்றிப் போகிறோம். காணிக்குப் போகும் மண் பாதையின் கடைசி 300 மீற்றர் செங்குத்தான களிமண் ஏற்றம். மழை நாளில் வண்டி வழுக்குகிறது. நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. கடைக்காரர் அகலமான சேற்று டயர் போடச் சொல்கிறார். மச்சான் ரீபில்ட் டயர், அதாவது பழைய டயருக்கு மேலே புதிய இறப்பர் படை ஒட்டியது, போதும் என்கிறார். எதைச் செய்வது?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அந்த 300 மீற்றரை மட்டும் மனத்தில் வைத்து டயர் வாங்காதீர்கள். உங்கள் வண்டி பாரத்தோடு ஓடும் தூரத்தில் பெரும்பகுதி வளைவும் இறக்கமுமான தார் வீதிதான். மழையில் நனைந்த அந்த வீதியில் பிரேக் பிடிக்கும்போது வண்டி நிற்க வேண்டும் என்பதே முதல் தேவை. சேற்று டயரில் தரையில் படும் இறப்பர்க் கட்டைகள் பெரியவை, அவற்றின் இடைவெளிகள் அகலமானவை. ஆகவே ஈரமான தாரைத் தொடும் இறப்பர் குறைவாகவே இருக்கும். இரைச்சலும் கூடும், தேய்வும் விரைவாகும். சேறு, கல், தார் மூன்றுக்கும் பொதுவாகச் செய்யப்படும் 'ஓல் டெரெய்ன்' வகையே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

அகலத்தைப் பொறுத்தவரை, கடைக்காரரின் யோசனையை ஏற்க வேண்டியதில்லை. மலைப்பாதையில் மேலே வழுக்கும் களிமண் படை மெல்லியதாகவும் அதன் கீழ் கல்லும் இறுகிய மண்ணும் இருக்குமானால், ஒடுக்கமான டயர் அந்தப் படையை அறுத்துக்கொண்டு கீழே பிடிமானம் தேடும். அகலமான டயரோ அதன் மேலேயே மிதந்து வழுக்கும். வண்டிக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவையே வாங்குங்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் காணப்படும் அளவு 205 ஆர் 16 சி என்பதாகும். கடைசியிலுள்ள 'சி' என்ற எழுத்து, அது பாரம் ஏற்றும் வண்டிக்கான டயர் என்பதைக் குறிக்கிறது. அதன் பக்கத்தில் 110/108 என்றிருந்தால், ஒற்றைச் சில்லாகப் பூட்டும்போது ஒரு டயர் 1,060 கிலோ வரை தாங்கும், இரட்டைச் சில்லாகப் பூட்டும்போது 1,000 கிலோ வரை தாங்கும் என்று பொருள். அளவு ஒன்றாயிருந்தாலும் இந்த எண் குறைந்த டயரை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், மரக்கறி மூட்டை ஏற்றும் வண்டிக்குப் பூட்டக் கூடாது.

ரீபில்ட் டயரை நான் ஒட்டுமொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். நல்ல உடம்புள்ள டயருக்குச் சரியான பட்டறையில் போட்டால், லொறியின் பின் சில்லுகளில் அது நன்றாகவே உழைக்கிறது. ஆனால் நீண்ட இறக்கத்தில் பாரம் முன்பக்கம் சாய்கிறது, பிரேக்கின் சூடு சில்லுக்கும் டயருக்கும் ஏறுகிறது. அந்நேரம் முன் டயரின் மேற்படை பிய்ந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. ஆகவே முன்னுக்கு வேண்டவே வேண்டாம்.

முடிந்தால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். நான்கு சில்லு இழுவையைப் போடும்போது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படும் வண்டிகளில், டயர்களின் சுற்றளவு வேறுபட்டால் பல்சக்கரப் பெட்டி இழுபறிப்படும். பணம் இரண்டுக்கே கூடுமானால், புதியவற்றைப் பின்னுக்குப் பூட்டுங்கள். ஈர வளைவில் பின்பக்கம் விலகிச் சுழல்வதே அடக்கக் கடினமானது.

இனி அந்த ஏற்றம். எந்த டயரானாலும் ஒட்டும் களிமண் பள்ளங்களை நிரப்பிவிட்டால் அது தேய்ந்த டயரைப் போல வழுவழுப்பாகிவிடும். காற்றை இறக்கி ஏறுவது வெறும் வண்டிக்குச் சரி, பாரத்தோடு அதைச் செய்தால் டயரின் பக்கச்சுவர் மடிந்து சிதையும். இறக்கிய காற்றைத் தார் வீதிக்கு வருமுன் மறுபடி நிரப்பவும் வேண்டும். சில்லு படும் இரண்டு வரிகளுக்கு மட்டும் கல் பரப்பி கொங்கிறீட் போடுவதும், மேற்பக்கத்தில் ஒரு கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுவதும், எந்த டயரும் செய்யாத வேலையைச் செய்யும். வைகாசி மழைக்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: புதிய டயர் ஒன்றை மலிவாகத் தருகிறார்கள். பக்கத்தில் 1419 என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு, அதாவது அது 2019 ஆம் ஆண்டின் 14 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாவிட்டாலும் இறப்பருக்கு வயது ஏறும், வெயில் படும் இடத்தில் வைத்திருந்தால் இன்னும் விரைவாக ஏறும். டயர் தயாரிப்பாளர்கள் பலர் 10 ஆண்டைக் கடைசி எல்லையாகச் சொல்கிறார்கள். உங்கள் வண்டி காணிக்குள் குறைவாக ஓடுவதானால், டயர் தேயுமுன்னே கிழடாகிவிடும் என்பதால், உங்களுக்கு அது மலிவே அல்ல. கட்டைகளுக்கு இடையிலும் பக்கச்சுவரிலும் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.