வேன் எப்போதாவது மட்டும் ஹீட் ஆகிறதா? – கேள்வி பதில்

தினமும் ஹீட் ஆகும் வண்டியைச் சீக்கிரம் பிடித்துவிடலாம். பட்டறைக்கு வந்தால் சமர்த்தாக நின்றுவிட்டு, குடும்பத்தோடு கிளம்பும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறும் வண்டிதான் பாடாய்ப் படுத்தும். நின்றபோதா ஓடும்போதா, என்ன வேகம், ஏசி போட்டிருந்ததா, இதையெல்லாம் எழுதினால்தான் நான் சொல்வது ஜோசியமாகாமல் இருக்கும். எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணே, திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2006 ஆம்னி. சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, கிளம்பினால் இறங்கிவிடுகிறது. அதுவும் தினமும் இல்லை. பட்டறையில் ரேடியேட்டர் ஃபேன் நன்றாக ஓடுகிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: தம்பி, அன்றைக்கு ஓடியது, அவ்வளவுதான். நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் காற்று போதவில்லை. பழைய ஃபேன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் ஒரு நாள் சுற்றும், மறுநாள் அடம்பிடிக்கும். அடுத்த முறை முள் ஏறும்போது ஓரங்கட்டிப் பாருங்கள். ஃபேன் நிற்கிறதா? ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் மோட்டாரின் பின்பக்கம் லேசாகத் தட்டுங்கள். விரல் இறக்கைப் பக்கம் போகக் கூடாது, எந்த நொடியும் சுற்றலாம். தட்டியதும் சுற்றினால் மோட்டார்தான். சுற்றாவிட்டால், தண்ணீர் சூடானதும் தானே ஃபேனைப் போட்டுவிடும் சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று சேருங்கள். ஒற்றை வயராக இருந்தால் பாடியில் எர்த் கொடுங்கள். இப்போது ஓடினால் சுவிட்ச் போய்விட்டது. அப்போதும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டரைப் பாருங்கள். கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

கேள்வி: சார், குவாலிஸ். ஊரில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும்போது, ஏசி போட்டிருந்தால் பாதி வழியிலேயே முள் சிவப்பைத் தொடுகிறது.

பதில்: நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஆள் நிறைய, கியர் குறைவு, வேகம் இல்லை. முகத்தில் அடிக்கும் காற்று இல்லாததால் ஃபேன்தான் எல்லாம் இழுக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது இன்ஜினோடு சுற்றுவது; நடுவில் விஸ்கஸ் கப்ளிங் இருக்கும். அதிலுள்ள சிலிகான் ஆயில் கசிந்துவிட்டால் இறக்கை சும்மா சுற்றுமே தவிர இழுக்காது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆஃப் செய்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாக நகர வேண்டும். தளர்வாக நாலு சுற்று சுற்றினால் கப்ளிங் முடிந்தது. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருப்பது இன்னொரு அடையாளம்.

அதோடு ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு, பூச்சி, சேறு என்று கம்பளி போல அடைத்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. 0.9 என்று போட்ட மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் நம் ஊரில் 100, ஊட்டி உயரத்தில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மலையில் மட்டும் பொங்கும் வண்டிகளில் இதை யாரும் பார்ப்பதே இல்லை.

கேள்வி: டவேரா. டவுனில் சரி. நான்கு வழிச்சாலையில் 90க்கு மேல் போனால் ஏறுகிறது, 60க்கு வந்தால் இறங்குகிறது.

பதில்: காற்று தாராளமாக இருக்கும்போது ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் குறைவு. ரேடியேட்டர் உள்ளே உப்பு கட்டியிருக்கலாம், வாட்டர் பம்ப் இறக்கை அரித்திருக்கலாம். அதற்கு முன் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ஹோஸ் தொளதொளத்துப் போயிருந்தாலோ, உள்ளே ஸ்பிரிங் இருந்து அது துருப்பிடித்துப் போயிருந்தாலோ, வேகத்தில் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும்; ஐடிலில் மறுபடி விரிந்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்து ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொன்னால் கண்ணாலேயே தெரியும்.

கேள்வி: அண்ணா, எல்பிஜி ஆம்னி. முள் திடீரென்று உச்சிக்குப் போகிறது, இரண்டு நிமிடத்தில் தானே கீழே வருகிறது. சில நேரம் சுத்தமாக சி-க்கே (குளிர்ப் பக்கம்) போய்விடுகிறது.

பதில்: கடைசி வரிதான் பயமுறுத்துகிறது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றிவிட்டால் உள்ளே இன்ஜின் வேகும்போதே முள் கீழே விழலாம். "இறங்கிடுச்சு" என்று நம்பி ஓட்டினால் ஹெட், அதாவது இன்ஜினின் மேல்பகுதி, போய்விடும்.

கேஸ் வண்டியில் திரவ கேஸை ஆவியாக்கும் ரெட்யூசரைச் சூடாக்க இன்ஜின் தண்ணீர்தான் போகிறது. அந்தச் சின்ன ஹோஸ்களின் கிளிப்பில் கசிவு பாருங்கள். ரெட்யூசர் ரேடியேட்டரின் மேல் மட்டத்தைவிட உயரமாக மாட்டப்பட்டிருந்தால் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். இன்ஜின் சூடாக இருக்கும்போதே ரெட்யூசர் மேல் பனி பூத்தால், தண்ணீர் அந்தப் பக்கம் போகவில்லை என்று அர்த்தம். சரிசெய்த பிறகு இன்ஜின் ஆறிய நிலையில், முன்பக்கம் உயரமாக நிறுத்தி, மூடியைத் திறந்து ஐடிலில் விட்டு, குமிழி அடங்கும்வரை கூலன்ட் ஊற்றுங்கள்.

கேள்வி: மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார். நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்கிறார்.

பதில்: நிறைய பேர் செய்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு அது. இன்ஜின் சூடேற நேரமாகும், மைலேஜ் குறையும், உண்மையான கோளாறும் மறைந்து நிற்கும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி மூடாமல் போய், ரேடியேட்டருக்குப் போகாமலேயே தண்ணீர் சுற்றி வரும். அப்போது சூடு கூடத்தான் செய்யும். வால்விலேயே 82, 88 என்று டிகிரி போட்டிருக்கும். நூலில் கட்டிக் கொதிக்கும் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். பாதி திறந்து சிக்கினால் புதிது வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறது!

பதில்: எர்த் கோளாறு. பேட்டரி எர்த்தையும் மீட்டர் எர்த்தையும் சுரண்டி இறுக்குங்கள்.

கேள்வி: வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை, ரேடியேட்டர் தண்ணீர் வாரம் அரை லிட்டர் குறைகிறது. ஹெட் இறக்க வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: இறக்குவதற்கு முன் நீங்களே பாருங்கள். காலையில் முழுக்க ஆறிய இன்ஜின். மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால், கொதிப்பதற்கு முன்பே குமிழி விடாமல் வருகிறதா? மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல் இறுகுகிறதா? பெட்ரோல் வண்டியானால் பிளக்குகளைக் கழற்றுங்கள். ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) மீதான சந்தேகம் வலுவானது. இறக்கினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றிவிட்டு மூட விடாதீர்கள், ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

எதுவும் இல்லையென்றால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வாட்டர் பம்பிலேயே உள்ள சின்ன ஓட்டை வழியாகக் கசிந்து சூட்டிலேயே காய்ந்துபோனால் தரையில் சொட்டே இருக்காது. பம்புக்குக் கீழே வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு கோடு மட்டும் இருக்கும். அதுவரை போர் தண்ணீரை ஊற்றி ஓட்டாதீர்கள், அடுத்த கேள்வியை ரேடியேட்டர் அடைப்பு பற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.