களிமண் மனையில் பைலுக்குப் பதில் ஸ்டோன் காலம் (ஜல்லித் தூண்) போட்டால் வீடு நிற்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மேடவாக்கம் பக்கம் மனை, மேலிருந்து 5 மீட்டருக்குக் கொழகொழவென்ற களி, பில்டர் "பைல் எதுக்கு சார், ஸ்டோன் காலம் போட்டுடலாம், செலவு பாதி" என்கிறார், நம்பலாமா? ஸ்டோன் காலத்தைத் தாராளமாக நம்பலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

நான் டிப்ளமா சிவில். முதுகலை ஜியோடெக் (மண், அஸ்திவாரப் பொறியியல்) படித்தவர்கள் இந்தத் தளத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், வந்து திருத்துங்கள், கோபமில்லை. ஆனால் பக்கத்தில் நின்று ஜல்லி எண்ணியவன் எழுதுகிறான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஸ்டோன் காலம் என்பது மலிவான பைல் இல்லை. பைல் கான்கிரீட், உள்ளே கம்பி, சுமையைக் களியைத் தாண்டிக் கீழே இருக்கும் கெட்டி மண்ணுக்கோ பாறைக்கோ கொண்டுபோய் இறக்கும். ஸ்டோன் காலத்தில் சிமெண்டும் கிடையாது, கம்பியும் கிடையாது. துளை போட்டு ஜல்லியைக் கொட்டி இறுக்கியது, அவ்வளவுதான். அந்த ஜல்லி ஏன் சரியாமல் நிற்கிறது? நெல் மூட்டை நிமிர்ந்து நிற்பது சாக்கின் தயவில். இங்கே சுற்றியிருக்கும் களிதான் சாக்கு. மேலே சுமை ஏறினால் ஜல்லி பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், களி அதைப் பிடித்து நிறுத்தும். சாக்கு மக்கிப் போயிருந்தால் மூட்டை என்ன ஆகும்? அதனால்தான் நம் இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 15284 முதல் பாகம், 2003ல் வந்தது, களியின் வெட்டு வலிமை, அதாவது வழுக்கிச் சரியாமல் தாங்கும் வலு, சுமார் 7 முதல் 50 கிலோபாஸ்கல் வரை இருக்கும் இடத்துக்குத்தான் இதைச் சொல்கிறது. அதற்கும் கீழே, எஸ்பிடி (ராடைச் சுத்தியலால் அடித்து இறக்கி மண்ணின் கெட்டியைப் பார்க்கும் சோதனை) எடுக்கும்போது ராடு தன் எடையிலேயே இறங்குகிற மண்ணில், வெறும் ஜல்லி நிற்காது. மட்கிய இலைதழை கலந்த கறுப்புச் சதுப்பு மண்ணும் அப்படித்தான், அது வருஷக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும்.

இன்னொரு வேலையையும் ஜல்லி சத்தமில்லாமல் செய்கிறது. களிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் வெளியேற வழி கொடுக்கிறது. களியில் கட்டடம் இறங்குவதே அந்தத் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிவதால்தானே. பத்து வருஷம் இறங்க வேண்டியது, கட்டிக்கொண்டிருக்கும்போதே பெரும்பகுதி இறங்கி முடிந்துவிடும். மொத்த இறக்கமும் தோராயமாகப் பாதியாகக் குறையும். கவனியுங்கள், குறையும் என்றுதான் சொன்னேன், இறங்கவே இறங்காது என்று சொல்லவில்லை. இதை எண்ணெய் டேங்க், கிடங்கு, ரோட்டுக்கரை, பெரிய ராஃப்ட் (கட்டடம் முழுக்க ஒரே பலகையாகப் போடும் அஸ்திவாரம்) மாதிரி அகலமாகச் சுமை பரவும் இடங்களில் போடுவதும் அதனால்தான். ஒரு சாண் மொத்தமாகச் சீராக இறங்கினால் ஸ்டீல் டேங்க் பொறுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டுச் செங்கல் சுவர் பொறுக்காது.

நான் பார்த்தது எண்ணூர் பக்கம் ஒரு டேங்க் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். கிரேனில் தொங்கும் நீளமான வைப்ரேட்டர், அதன் மூக்கிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கும், தன் எடையிலும் அதிர்விலும் களியைக் குடைந்துகொண்டு இறங்கும். 1930களில் ஜெர்மனியில் மணலை இறுக்கக் கண்டுபிடித்த கருவி இது, களிக்கு ஜல்லி போட்டுப் பயன்படுத்தியது பிறகு 1950களில். கீழே போனதும் மேலிருந்து லோடர் ஜல்லியைத் தள்ளும், வைப்ரேட்டரைக் கொஞ்சம் தூக்கித் திரும்பக் குத்துவார்கள், மோட்டாரின் ஆம்பியர் குறித்த அளவுக்கு ஏறினால்தான் அந்த மட்டம் இறுகியது என்று அர்த்தம், அப்புறம் அடுத்த மட்டம். நடுவில் தண்ணீரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் துளைச் சுவர் சரிந்து களி ஜல்லியோடு கலந்துவிடும், பிறகு அந்தத் தூண் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஏமாற்று வேலை நடப்பது இங்கேதான். கணக்கைப் பாருங்கள். 90 சென்டிமீட்டர் விட்டம், 10 மீட்டர் ஆழம் என்றால் ஒரு தூணுக்கு 6.36 கனமீட்டர், நம் லாரிக்காரர் கணக்கில் இரண்டேகால் யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). தளர்வாகக் கொட்டுகிற ஜல்லி இறுகும்போது அமுங்கும், ஆக இரண்டே முக்கால் யூனிட்டாவது உள்ளே போயிருக்க வேண்டும். ராத்திரி ஷிப்டில் மட்டும் இரண்டு யூனிட்டோடு தூண் "முடிந்துவிடும்". மேலே பார்த்தால் வட்டமாக அழகாக ஜல்லி தெரியும், கீழே எங்கேயோ இடுப்பு ஒடுங்கிப் போயிருக்கும். நான் ராத்திரி போய் நின்று லோடர் பக்கெட்டை எண்ணி நோட்டில் எழுதினேன், ஆம்பியர் சீட்டோடு ஒப்பிட்டேன், குறைந்த தூண்களில் திரும்பவும் வைப்ரேட்டரை இறக்க வைத்தேன். கான்ட்ராக்டரின் ஆட்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

அதைவிடப் பெரிய கூத்து வரைபடத்தில் நடந்தது. டேங்க்கை ஒட்டி ஒரு பம்ப் ஹவுஸ். டிசைன் ஆபீசிலிருந்து வந்த டிராயிங்கில் ஸ்டோன் காலம் கூட்டத்துக்கு மேலே பைல் கேப் (பைல் தலைகளைச் சேர்த்துக் கட்டும் கான்கிரீட் கட்டை), தூண் தலையிலிருந்து கம்பி ஏறி கேப்புக்குள் போகிறது! ஜல்லிக் குவியலிலிருந்து கம்பி எப்படி ஏறும்? பைல் வேலை டிராயிங்கை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தூணுக்கு மேலே வர வேண்டியது கேப் இல்லை, குறைந்தது அரை மீட்டராவது கெட்டித்த மணல் மெத்தை. தூணின் மேல் பகுதி எப்போதும் லூசாகத்தான் இருக்கும், அழுத்திப் பிடிக்க மேலே மண் இல்லையே, அதனால் அதை வெட்டி எடுத்தோ மறுபடி இறுக்கியோ மெத்தை போட வேண்டும், சுமையைத் தூணுக்கும் களிக்கும் பங்கு போடுவதும், வெளியே வரும் தண்ணீரை வாங்கிக்கொள்வதும் அந்த மெத்தைதான். கடிதமாக எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மீட்டிங்கில் கேட்டேன், "நீங்க என்ன குவாலிஃபிகேஷன்?" என்று கேட்டார்கள். அப்புறம் லோடு டெஸ்ட் பார்க்க வந்த ஒரு பேராசிரியர் அதே டிராயிங்கைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார், மறுநாளே திருத்தம் வந்துவிட்டது. திருத்தத்தின் கீழே யார் கையெழுத்து? பைல் கேப் வரைந்தவருடையதுதான்.

இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் டிப்ளமா படித்தவன் வெயிலில் நிற்க மட்டும் பொறியாளர், பேப்பரில் சூப்பர்வைசர். பையனை பி.இ. சேர்த்தால்தான் மரியாதை என்று ஊரெல்லாம் கிளம்பி, இப்போது லெவல் மெஷினை ட்ரைபாடில் பொருத்தத் தெரியாத பி.இ.க்கள் பத்தாயிரம் சம்பளத்துக்கு சைட்டில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, கல்லூரிகளைச் சொல்கிறேன். சரி, விடுங்கள்.

டேங்க் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கால், அரை, முக்கால், முழுசு என்று படிப்படியாகத் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு படியிலும் காத்திருந்து விளிம்பைச் சுற்றி மட்டம் எடுத்தோம். இறங்கியது, சீராக இறங்கியது, நின்றது. தண்ணீரை எடுத்துவிட்டு எண்ணெய் ஏற்றினார்கள்.

இப்போது உங்கள் மனை. அந்த கிரேன், வைப்ரேட்டர், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி, வெளியே வரும் சேற்று நீரைத் தேக்கக் குழி, இதெல்லாம் ஒரு கிரவுண்டில் எங்கே நிற்கும்? வந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர் அதிர்வில் விரிசல் விட்டால் பஞ்சாயத்து யார் பேசுவது? கேசிங் பைப் இறக்கி, ஜல்லி போட்டு, வின்ச்சில் எடையைத் தூக்கி இடிக்கிற பழைய முறையும் உண்டு, அதிலும் இடி இடிதான். உங்கள் பில்டர் சொல்வது இது எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். ஆகர் (மண்ணைத் துளைக்கும் திருகு) வைத்து ஆறடி துளை போட்டு ஒன்றரை இன்ச் ஜல்லியைக் கொட்டி மேலே கட்டடத் தூணின் ஃபுட்டிங் வைப்பார். அது ஸ்டோன் காலம் இல்லை, ஜல்லி புதைத்த குழி. அதற்குத்தான் பாதிச் செலவு.

களி நிஜமாகவே 5 மீட்டர், கீழே கெட்டி மணல் என்றால், இரண்டு மாடி வீட்டுக்குச் சின்ன விட்டத்தில் போர்டு பைல் (துளை போட்டுக் கம்பி இறக்கி கான்கிரீட் ஊற்றும் பைல்) போடுங்கள், உங்களுக்கு நிம்மதி. களி ஒன்றரை மீட்டர்தான் என்றால் அதைத் தோண்டி எடுத்துவிட்டு மணலோ கிராவலோ அடுக்கடுக்காகக் கெட்டித்து நிரப்பலாம், இன்னும் மலிவு. மனை பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டியது என்றால் முதலில் பத்திரத்தையும் சர்வே எண்ணையும் பாருங்கள், அது 2022ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியல்) சேர்ந்த இடம், அங்கே பிரச்சினை அஸ்திவாரத்தில் ஆரம்பிக்காது.

பில்டர் ஸ்டோன் காலம்தான் என்று பிடிவாதம் பிடித்தால் நாலு கேள்வி கேளுங்கள்: களியின் வெட்டு வலிமை எவ்வளவு, ஒரு தூணுக்கு எத்தனை யூனிட் ஜல்லி, மேலே மணல் மெத்தை எத்தனை சென்டிமீட்டர், லோடு டெஸ்ட் யார் செய்வார்கள். மண் பரிசோதனை ரிப்போர்ட்டில் போர்லாக் பக்கத்தை (மண்ணில் போட்ட துளையில் எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதியது) மட்டும் படமெடுத்து, பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுக் கருத்துப் பெட்டியில் போடுங்கள். ஒரே ஒரு போர் போட்டு மூன்று போருக்கு எண்களை எழுதியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.