வாரம் ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரே ஒரு படம்

இந்த இதழில் பெங்களூர் வாசகர்களின் ஃபோட்டோ கேள்விகள்.

கேள்வி: அல்சூரில் ஒரே குடியிருப்பில் இருக்கும் ஏழு பேர் நாங்கள். எல்லோருக்கும் ஃபோட்டோ எடுப்பதில் ஆசை. வாட்ஸ்அப் குழு வைத்து தினமும் படம் போடுகிறோம், எல்லோரும் ‘சூப்பர்’ சொல்கிறோம், அதோடு சரி. போன வருஷம் எடுத்த மாதிரியேதான் இந்த வருஷமும் எடுக்கிறோம். வாரம் ஒரு தலைப்பு வைத்துப் போட்டி நடத்தினால் முன்னேறுவோமா?
— வாசகர், அல்சூர்

பதில்: கண்டிப்பாக. ஆனால் போட்டி வேண்டாம். முதல் பரிசு யாருக்கு என்று ஆரம்பித்தால், அவரவர் தனக்கு ஏற்கெனவே நன்றாக வருவதையே திரும்பத் திரும்ப எடுப்பார், சூரிய அஸ்தமனக்காரர் அஸ்தமனத்தையும் குழந்தை படம் எடுப்பவர் குழந்தையையும். தலைப்பு வைப்பதே நமக்கு வராத ஒன்றை எடுக்க வைக்கத்தான்.

அதனால் தலைப்பு குறுகலாக இருக்கட்டும். ‘இயற்கை’, ‘அன்பு’, ‘வாழ்க்கை’ என்று வைத்தால் போனில் கிடக்கும் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுவிடலாம். ‘ஜன்னல் வெளிச்சம் மட்டும்’, ‘முகம் தெரியாத ஒரு மனிதர்’, ‘சிவப்பு, ஆனால் பூ இல்லை’, ‘ஒரே ஒரு காய்கறி’ என்று வைத்துப் பாருங்கள். காய்கறியில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கர் குடைமிளகாயை மட்டும் எத்தனையோ தடவை எடுத்தவர். 1930-ல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். அந்தப் படத்தில் இருப்பது காயா, முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்து நிற்கும் ஆளா என்று பார்ப்பவர் ஒரு நிமிஷம் தடுமாறுவார், அவ்வளவு அழகாக வளைவுகளில் வெளிச்சம் விழுந்திருக்கும். உங்கள் சமையலறையில் ஒரு கத்திரிக்காயை ஜன்னல் ஓரமாக வையுங்கள், லைட்டை அணைத்துவிடுங்கள், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிறுத்துங்கள். காகிதத்தைக் கிட்டே கொண்டுவரக் கொண்டுவர காயின் இருட்டுப் பக்கம் எப்படித் தெளிகிறது என்று கவனியுங்கள். வெளிச்சத்தைப் பற்றி இதைவிடச் சுலபமாகக் கற்றுக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியாது.

நம் ஊருக்கே உரிய தலைப்பும் வைக்கலாம். பெங்களூர் பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கில் இருப்பதால் வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் பகல் 12.20 வாக்கில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. உச்சி வெயிலில் படம் எடுக்காதே என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த வாரம் உச்சி வெயிலில் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று வையுங்கள்.

அப்புறம், படம் அந்த வாரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், ஆளுக்கு ஒன்றுதான். நாற்பது படத்திலிருந்து ஒன்றைப் பொறுக்குவது பெரிய பயிற்சி, அதைக் குழுவின் தலையில் கட்டக் கூடாது. அனுப்பும்போது வழக்கம்போல் அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், ஃபோகஸ் தப்பியதா சுருக்கியதில் மங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. யாராவது ஒருவர் எல்லாப் படத்தையும் வாங்கிப் பெயர் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை போடட்டும். எதிர் வீட்டு மாமா எடுத்தது என்று தெரிந்துவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கருத்து சொல்வதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. நல்லது கெட்டது என்று எடுத்த எடுப்பில் தீர்ப்பு வேண்டாம். படத்தைப் பார்த்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது, அதை மட்டும் சொல்லுங்கள். பாட்டியின் முகத்தை எடுத்ததாக அவர் நினைத்திருப்பார், ஏழு பேரில் ஐந்து பேருக்குக் கண் பின்னால் ஆணியில் தொங்கும் மஞ்சள் பைக்குப் போயிருக்கும். ‘காம்போசிஷன் சரியில்லை’ என்று நூறு தடவை சொன்னாலும் புரியாதது அந்த மஞ்சள் பையில் புரிந்துவிடும். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது, ‘அது வந்து, அப்போ மழை பெய்தது’ என்று விளக்கம் கொடுக்கக் கூடாது. வேறெங்காவது அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு விளக்கம் சொல்ல நீங்கள் கூட இருக்கப் போவதில்லை.

இன்னொன்றை நான் வற்புறுத்தியே சொல்வேன்: கருத்து வந்த பிறகு அதே படத்தைத் திரும்ப எடுங்கள். பையை எடுத்துவிட்டு, அல்லது ஓரடி இடப்பக்கம் நகர்ந்து, அதே பாட்டியை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறுபடி எடுக்காத குழுவில் வாரா வாரம் தலைப்பு மட்டும்தான் மாறும்.

கேள்வி: கே.ஆர். மார்க்கெட்டில் மல்லிகைக் குவியலை எடுத்தேன். குழுவில் ஒருவர் ‘டல்லாக இருக்கிறது’ என்றார், இன்னொருவர் ‘உயிரே இல்லை’ என்றார். மனசு விட்டுப்போய்விட்டது.
— வாசகி, ஜெயநகர்

பதில்: முதலாவது உபயோகமான கருத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை விட்டுவிடுங்கள், அதை வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் மாற்ற முடியாது. அவரிடம் ‘எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?’ என்று கேளுங்கள், அடுத்த முறை யோசித்துச் சொல்வார்.

டல்லாக வந்ததற்குக் காரணம் நீங்கள் இல்லை. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தைக் கணக்குப் போடுகிறது. ஃபிரேம் முழுக்க மல்லிகை இருந்தால், அடேயப்பா இவ்வளவு வெளிச்சமா என்று தானாகக் குறைத்துவிடும், வெள்ளைப் பூ அழுக்கு வெள்ளையாகிவிடும். போனில் பூவின்மேல் விரலை வைத்தால் பெரும்பாலும் சின்னச் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதை மெதுவாக மேலே தள்ளுங்கள். கேமராவில் என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும் அளவுக்கு, கூட்டுங்கள். இதழின் மடிப்புகள் தெரிகிறவரை ஏற்றலாம், அவை மறையத் தொடங்கினால் நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்பு எருமையை எடுக்கும்போது இதற்கு நேர் எதிராக, கீழே தள்ள வேண்டும். மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் பூவிலும் நீலம் ஏறியிருக்கும், அதையும் பாருங்கள்.

மாடியில் நின்று பூக்கூடைகளைக் கீழ்நோக்கி எடுக்கும் படத்தை எல்லோரும் எடுத்தாகிவிட்டது. நீங்கள் கீழே இறங்குங்கள், வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள். அங்கே தமிழ் பேசும் பூக்காரர்கள் இருக்கிறார்கள், ‘அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டே எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். எடுத்தால் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: எடுத்த படத்தைக் கிராப் செய்வது, அதாவது ஓரங்களை வெட்டுவது, ஏமாற்று வேலை என்கிறார் எங்கள் குழு நண்பர். சரியா?
— வாசகர், சிவாஜிநகர்

பதில்: இல்லை. கிராப் செய்வதைப் பிடிக்காதவர் என்று பெயர் வாங்கிய பிரெஞ்சு ஃபோட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனின் மிகப் பிரபலமான படம், 1932-ல் பாரிஸில் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிப்பது, கிராப் செய்ததுதான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் பலகை உள்ளே வந்துவிட்டது, வெட்டினார். ஆனால் ஒவ்வொரு வாரமும் பாதிப் படத்தை வெட்ட வேண்டியிருந்தால், நீங்கள் தள்ளி நின்று எடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: சாஃப்ட்வேர் வேலை. அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கிலேயே பொழுது போகிறது. வாரா வாரம் தலைப்புக்குப் படம் எடுக்க நேரமே இல்லை. நல்ல கேமராவும் இல்லை.
— வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: போன் போதும். ஒரு வாரம் விட்டுப்போனால் போகட்டும், அடுத்த வாரம் இரண்டாகச் சேர்த்து எடுக்காதீர்கள். ‘வண்டி ஜன்னல்’ என்று ஒரு தலைப்பு வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஓட்டாமல் உட்கார்ந்து வருகிற கேபிலோ பஸ்ஸிலோ எடுக்கலாம். வெளியே இருப்பதை எடுக்க லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவையுங்கள், உள்ளே இருக்கும் பிரதிபலிப்பு வராது. மழை பெய்தால் இன்னும் நல்லது. போனைக் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு துளியின்மேல் விரலை அழுத்தி ஃபோகஸைப் பூட்டுங்கள், முன்னால் நிற்கும் வண்டிகளின் பிரேக் லைட்டெல்லாம் மங்கிய சிவப்பு வட்டங்களாகும். அதே இடத்தில் லைட்டின்மேல் ஃபோகஸ் வைத்தால் துளி கரைந்துபோகும். சிக்னல் விழுவதற்குள் இரண்டையும் எடுத்துவிடலாம், எதை அனுப்புவது என்று ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.