மாலத்தீவில் ஐந்து நாள் விடுமுறைக்குள் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலில் மூழ்குதல்) கற்றுக்கொண்டு, ஹனிஃபாருவில் மாண்டா திருக்கைகளோடு மூழ்க முடியுமா? எப்படித் திட்டமிடுவது? சிறு வயதில் எனக்கு வீசிங் (மூச்சிரைப்பு) இருந்தது, மருத்துவப் படிவத்தில் அதைக் காட்ட வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள்.

ஐந்து நாளில் ஸ்கூபா கற்கலாம், மாண்டா திருக்கைகளையும் பார்க்கலாம். ஆனால் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஹனிஃபாரு விரிகுடாவில் மூழ்குவது என்ற உங்கள் திட்டம் நடக்காது. அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதியே கிடையாது. 2009-இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அது அமைந்துள்ள பா அதோல் என்ற வளையத் தீவுக்கூட்டம், 2011 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும், ஸ்நார்க்கெல் குழாயோடு மேற்பரப்பில் நீந்தலாம். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் இது உங்களுக்கு நல்ல செய்திதான்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அலுவலக விடுப்பை வைத்து டிசம்பர் அல்லது ஜனவரி என்று எண்ணியிருந்தால், தெளிந்த நீரும் அமைதியான கடலும் கிடைக்கும். ஹனிஃபாருவில் மாண்டா கிடைக்காது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மிதவை உயிரிகள் அதோல்களின் கிழக்குப் பக்கத்தில் சேர்கின்றன, அவற்றைத் தின்ன மாண்டாக்கள் அங்கே கூடுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது இது மேற்குப் பக்கத்துக்கு மாறிவிடும். எனவே உங்கள் மனம் ஹனிஃபாருவில்தான் இருக்கிறதென்றால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான நாட்களைத் தேர்ந்தெடுங்கள். மழையையும் சற்றுக் கலங்கிய நீரையும் ஏற்றுக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

நாட்களைத் திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடலில் கரைந்து நிற்கிறது. மேலே வந்த பிறகும் அது முழுதாக வெளியேற நேரமாகும். அதற்குள் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். பலமுறை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். பல ஸ்கூபா மையங்கள் 24 மணி நேரம் கேட்கின்றன. பா அதோலில் உள்ள தரவந்தூ தீவிலிருந்து மாலேவுக்கு உள்நாட்டு விமானத்தில் திரும்புவதாக இருந்தால், அந்த விமானத்திலிருந்தே கணக்கு தொடங்குகிறது. தொடக்கநிலைப் பயிற்சியில் ஆழமற்ற நீரில் பழகிய பின் கடலில் நான்கு முறை மூழ்க வேண்டும். பாடப் பகுதியை ஊரிலேயே இணையவழியில் முடித்துவிட்டால், கடைசி மூழ்கலை நான்காம் நாள் காலையோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சிய நேரத்தை ஹனிஃபாருவுக்குக் கொடுக்கலாம்.

ஆனால் நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தது, பயிற்சிக்கு முன் மையங்கள் நிரப்பச் சொல்லும் மருத்துவப் படிவத்துக்காக. உங்கள் கேள்வியின் கடைசி வரியில், சிறு வயதில் வீசிங் இருந்ததாகவும், படிவத்தில் அதைக் காட்ட வேண்டாம் என்று நண்பர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே உடல்நிலைதான். பள்ளிப் பருவம் முழுவதும் இன்ஹேலரோடு இருந்தவள் நான். கல்லூரிக் காலத்தில் அது விலகியது. படிவத்தின் முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள் இருக்கும். ஆஸ்துமா பற்றி வரும் இடத்தில் நான் ‘ஆம்’ என்று குறித்ததும், எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்த முகவர் தொலைபேசியில் கடிந்துகொண்டார். “எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுருங்க மேடம், அங்க யாரு பாக்கப் போறா?” என்றார். எங்களுடன் வரவிருந்த, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒரு பெரியவரிடமும் இதையே சொல்லி, அவரை ‘இல்லை’ என்று குறிக்க வைத்தார். கடலுக்குள் இறங்கப் போவது அந்த முகவரின் உடல் அல்ல. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

பத்து மீட்டர் ஆழத்தில் சுவாசித்த காற்று, மேற்பரப்புக்கு வருவதற்குள் இரண்டு மடங்காக விரிகிறது. மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரலின் ஏதோ ஒரு மூலையில் காற்று சிக்கிக்கொண்டால், மேலே வரும்போது அது திசுவைக் கிழித்து இரத்தத்தில் கலந்து மூளைவரை செல்லக்கூடும். சிலிண்டரில் இருந்து வரும் உலர்ந்த காற்றும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் களைப்பும் அந்தச் சுருக்கத்தையே தூண்டவல்லவை. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு என்னால் பொய் எழுத முடியவில்லை.

எங்கள் குடும்ப மருத்துவர் இது தம் துறை அல்ல என்று நேர்மையாகச் சொல்லி, நெஞ்சக நோய் நிபுணரிடம் அனுப்பினார். அவர் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் சோதனை எடுத்தார், ஓடவிட்டு மீண்டும் எடுத்தார், பழைய மருந்துச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் படித்தார், அதன் பிறகுதான் கையெழுத்திட்டார். தீவில் இருந்த பயிற்றுநர் அந்தத் தாளை வரிவரியாக வாசித்துவிட்டு, கடைசியாக எப்போது மூச்சுத்திணறல் வந்தது என்று கேட்டார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மையில்லை. பவளப் பாறையின் ஓரமாக இறங்கி, என் மூச்சின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்த முதல் நிமிடங்களில் எனக்குப் பயம் இருக்கவில்லை. என் நுரையீரலைப் பற்றித் தெரிய வேண்டியது எனக்கும் தெரியும், அருகில் இருந்தவருக்கும் தெரியும்.

நான் மருத்துவரும் அல்ல, பயிற்றுநரும் அல்ல. ஆஸ்துமா இருந்தவர்கள் எல்லோரும் மூழ்கலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கையெழுத்துக் கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம். எத்தனையோ பேர் மறைத்துவிட்டு ஒன்றும் ஆகாமல் வருகிறார்களே என்று கேட்பவர்களுக்கு, மூழ்கி வந்தவரின் உடலில் குமிழிகள் உண்டானால் சிகிச்சை தரும் மறுஅழுத்த அறைகள் மாலத்தீவில் மிகச் சில தீவுகளில்தான் இருக்கின்றன, மற்ற இடங்களிலிருந்து அங்கே கொண்டுசெல்வதற்கே நேரமாகும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஆகவே பணம் கட்டும் முன்பே, நீங்கள் தேர்ந்தெடுத்த மையத்தின் இணையதளத்தில் படிவத்தைத் தரவிறக்கி, மருத்துவர் நிரப்ப வேண்டிய பக்கத்தோடு ஊரிலேயே முடித்துவிடுங்கள். ‘ஆம்’ என்று குறித்த தாளோடு தீவில் போய் நின்றால், கையெழுத்திட மருத்துவர் கிடைக்காமல் விடுமுறையே வீணாகும். கையெழுத்து மறுக்கப்பட்டாலும், மேற்பரப்பில் ஸ்நார்க்கெல் செய்யலாமா என்று அதே நிபுணரிடம் கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல ஸ்கூபாவை விலக்கிவைக்கின்றன, அல்லது ஓர் ஆழத்துக்கு மேல் பொறுப்பேற்பதில்லை. தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு மூழ்கலுக்கு அதிகபட்சம் 30 மீட்டர் என்பதைக் குறிப்பிட்டு, உங்கள் பழைய வீசிங்கையும் தெரிவித்து, மறுஅழுத்தச் சிகிச்சைச் செலவு உட்படுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் வந்த பிறகு விமானச் சீட்டை எடுங்கள்.