மிஞ்சிய தீபாவளி இனிப்பு: ஓவனை மூட்டும் முன் அட்டையைப் படியுங்கள்

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாலையோரக் கூடாரங்களைப் பிரித்துவிட்டார்கள், வீட்டு டப்பாக்கள்தான் இன்னும் காலியாகவில்லை. திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்தவர்கள் கொடுத்த சாக்லேட், பிள்ளைகள் சேர்த்து வைத்த மிட்டாய், ஒரு துண்டு மட்டும் குறைந்த பால்கோவா. இதையெல்லாம் கேக், புட்டிங் என்று மாற்ற முடியுமா என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, சாக்லேட் மட்டும் இரண்டு கிலோ மிஞ்சியிருக்கிறது. சிலவற்றின் மேல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பூஞ்சணமா? பிரௌனி செய்யலாமா? போன வருஷம் உருக்கியபோது களிமண் மாதிரி திரண்டுவிட்டது. (செந்தூல் வாசகி)

பெரும்பாலும் அது பூஞ்சணம் இல்லை. சாக்லேட்டில் இருக்கும் கோக்கோ வெண்ணெய் சுமார் 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். நம் ஊரில் மத்தியானம் காருக்குள் அரை மணி நேரம் வைத்தாலே போதும். உருகி மறுபடி உறையும்போது அந்தக் கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு மறைந்தால் கொழுப்பு. சொரசொரப்பாக அப்படியே நின்றால் அது சீனி. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரித்ததால் மேலே நீர் கோத்து, சீனி கரைந்து, காய்ந்து படிந்திருக்கும். இரண்டுமே கெடுதல் இல்லை. அப்படியே தின்ன ருசி குறையும், பிரௌனியில் போட்டால் வித்தியாசமே தெரியாது. பஞ்சு மாதிரி முடி விட்டிருந்தாலோ, உள்ளே இருக்கும் கடலை காறல் வாசம் அடித்தாலோ வீசிவிடுங்கள்.

திரண்டதற்குக் காரணம் தண்ணீர். கிண்ணத்தில் ஈரம் ஒட்டியிருந்தாலும், கொதிக்கும் பாத்திரத்து ஆவி உள்ளே இறங்கினாலும், சாக்லேட்டில் இருக்கும் சீனியும் கோக்கோத் தூளும் அந்தச் சொட்டு நீரைப் பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். அப்படி ஆனால் கொட்ட வேண்டாம். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறினால் இளகி, கேக் மேல் ஊற்றும் குழம்பாக வரும்.

உருக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் நாட்டில் பொருள் பட்டியலை எடையில் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும். மலாயில் 'மெந்தேகா கோகோ' என்று இருந்தால் கோக்கோ வெண்ணெய் சேர்த்தது. அது இல்லாமல் 'லெமாக் சாயூரான்' மட்டும் இருந்தால் தாவரக் கொழுப்பில் செய்தது. கடையில் காம்பவுண்ட் என்பார்கள். அது தப்பான பொருள் இல்லை. நம் வெயிலைத் தாங்கும், உருக்கி ஊற்றினால் தானாகவே இறுகும், முறுக்கு, முந்திரி மேல் பூசுவதற்கு அதுதான் வசதி. ஆனால் பிரௌனிக்குள் போட்டால் நாக்கில் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும். அதனால் இரண்டையும் பிரித்து வையுங்கள்.

பால் சாக்லேட்டில் ஏறக்குறைய பாதி சீனிதான். சமையல் குறிப்பில் சொன்ன சீனியை அப்படியே போட்டால் தித்திப்பு திகட்டிவிடும். நான் செய்யும் அளவு இது: சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 100 கிராம் இரண்டையும் உருக்கி ஆறவைத்து, சீனி 60 கிராம், முட்டை 2, மாவு 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை சேர்க்காதவர்கள் ஒரு முட்டைக்கு கால் கப் தயிர் என்று கணக்கு வைத்து, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் போடலாம். 20 சென்டிமீட்டர் தட்டில் ஊற்றி, 170 பாகையில் 22 நிமிஷம். குச்சியைக் குத்தினால் சுத்தமாக வரக்கூடாது. ஈரத் துகள் இரண்டு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அப்போது எடுத்துவிடுங்கள். வேஃபர் சாக்லேட் இருந்தால் உருக்கவே வேண்டாம், உடைத்து மாவின் மேல் சொருகுங்கள். கேரமல் வைத்த வகையை முதல் நாள் இரவே உறைபெட்டியில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வழிந்து தட்டில் ஒட்டிக் கருகும்.

ஜெல்லி மிட்டாய் இரண்டு போத்தல் நிறைய இருக்கிறது. கேக்குக்குள் போடலாமா? ஹலால் முத்திரை இருப்பதால் சைவம் என்று நினைத்துக்கொள்ளலாமா? (ஈப்போ சாலை வாசகர்)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் முக்கியம். இல்லை. ஹலால் முத்திரை முஸ்லிம் சகோதரர்களுக்கான உறுதி. மிட்டாயை இறுகவைக்கும் ஜெலட்டின், முறைப்படி அறுத்த மாட்டிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் அது கிடைக்கும். மெல்லுகிற வகை மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் மாட்டு ஜெலட்டின் சாதாரணமாக இருக்கிறது. மாட்டிறைச்சி சேர்க்காத வீடுகளில் இது தெரியாமலே பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். என் அக்கா மகள் பத்து வயது வரை சாப்பிட்டாள். ஒரு நாள் அவளே 'ஜெலாத்தின் லெம்பு', அதாவது மாட்டு ஜெலட்டின், என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு போத்தலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி, மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து எடுத்த எது சேர்ந்திருந்தாலும் அட்டையில் சொல்லியாக வேண்டும். அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். எண் மட்டும் போட்டிருந்தால், 441 என்பது ஜெலட்டின். 440 பெக்டின், பழத்திலிருந்து வருவது. 406 அகர் அகர், கடல்பாசி. பின்னவை இரண்டும் சைவம். வெறும் ஜெலட்டின் என்று மட்டும் போட்டு, எதிலிருந்து என்று சொல்லாத மிட்டாயை நான் வாங்குவதில்லை.

கேக்குக்குள் போடுவது வேண்டாம். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே இளகும் பொருள், ஓவனில் நிற்காது. கரைந்து அடியில் இறங்கிக் கருகும். ஆறிய கேக்கின் மேல் அடுக்குங்கள், போதும்.

பால்கோவா ஒரு டப்பா, லட்டு ஒரு டப்பா. தீபாவளிக்கு முதல் நாள் வாங்கியவை, ஐஸ்பெட்டியில் இருக்கின்றன. எப்படியும் 180 பாகையில் வேகப்போகிறது, கிருமியெல்லாம் செத்துவிடும்தானே? (ஆயர் ஈத்தாம் வாசகி, பினாங்கு)

பால்கோவாவைத் தயவுசெய்து கொட்டிவிடுங்கள் தங்கச்சி. விலை கொடுத்து வாங்கியது என்று மனசு கேட்காது, எனக்கும் புரிகிறது. பால் இனிப்பு ஐஸ்பெட்டியில் நாலைந்து நாள்தான். வெளியே, நம் சூட்டில், ஒரு நாள் தாண்டினாலே சந்தேகம். விருந்து நாளில் டப்பாவைத் திறந்து மேசையில் வைத்து, பத்துப் பேர் கைவைத்து, சாயங்காலம் மறுபடி உள்ளே வைத்திருப்போம். அந்தக் கைகளிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி இறங்கியிருக்கலாம். ஓவன் அந்தக் கிருமியைக் கொல்லும். ஆனால் அது ஏற்கெனவே விட்டுவைத்த நச்சு சூட்டில் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் அந்த நச்சினால்தான் வருகின்றன. வாசனையில் ஒன்றும் தெரியாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கடலை மிட்டாயில் பூஞ்சணம் பிடித்தாலும் இதே கதை. அந்தப் பூஞ்சணம் விடும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு ஓவன் சூட்டுக்கு அசையாது.

அடுத்த வருஷம், பால்கோவா மிஞ்சும் என்று தெரிந்த அன்றே சிறு பொட்டலங்களாக உறைபெட்டியில் போடுங்கள். ஒரு மாதத்துக்குள், பிரௌனி மாவின் மேல் அங்கங்கே வைத்து, கத்தி முனையால் ஒரு இழுப்பு இழுத்து வேகவிட்டால் அருமையாக இருக்கும்.

லட்டு வேறு விஷயம். பால் சேராதது, சீனிப் பாகு நிறைந்தது, நெய்யில் பொரித்தது. ஐஸ்பெட்டியில் மூடி வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கலாம். ஒன்றைப் பிட்டு முகர்ந்து பாருங்கள். காறல் வாசம் இல்லை என்றால் 250 கிராம் உதிர்த்து, வட்டத் தட்டின் அடியில் கிண்ணத்தின் அடிப்பாகத்தால் அழுத்திப் பரப்புங்கள். 170 பாகையில் பத்து நிமிஷம். ஓரம் லேசாகச் சிவந்து, ஏலக்காய் வாசம் வீடு முழுவதும் வரும். பிஸ்கட்டை நொறுக்கி வெண்ணெய் ஊற்றிச் செய்யும் அடித்தளத்துக்கு இது குறைந்ததில்லை. இதன் மேல் என்ன ஊற்றுவது என்பதற்கு அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

தயிரும் சுண்டிய பாலும் கலந்து வேகவைத்தால் சீஸ்கேக் மாதிரி வரும் என்றார்கள். எனக்கு இறுகவே இல்லை, கூழ் மாதிரி நின்றது. தயிர் பால்காரரிடம் வாங்கியது, நல்ல கெட்டித் தயிர். (பட்டர்வொர்த் வாசகி)

தயிரின் மேல் குற்றம் இல்லை என்று நினைக்கிறேன். டின்னைத் திருப்பிப் பாருங்கள். 'சூசு பெக்காட் மானிஸ்' என்று இருக்கிறதா, 'கிரிமர் மானிஸ்' என்று இருக்கிறதா? டின் அளவு ஒன்று, படம் ஒன்று, அடுக்கியிருப்பதும் பக்கத்து பக்கத்தில். முதலாவது பாலைச் சுண்டவைத்துச் சீனி சேர்த்தது. இரண்டாவதில் பால் குறைவு; பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் இருக்கும். கடைத் தேநீருக்கு அது போதும், விலையும் குறைவு. ஆனால் தயிர்ப் புட்டிங் இறுகுவது பாலின் புரதத்தால். அது குறைந்தால் கூழ்தான். இவ்வளவு ஒத்த தோற்றத்தில் இரண்டு பொருளை ஒரே அலமாரியில் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுத்தாவது பெரிதாக இருக்க வேண்டும்.

நல்ல சுண்டிய பாலாக வாங்கி இப்படிச் செய்து பாருங்கள். தயிரைத் துணியில் கட்டி ஐஸ்பெட்டியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். வடிந்த தயிர் 400 கிராம், சுண்டிய பால் 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. அடியில் லட்டு இருப்பதால் பால் இதற்கு மேல் வேண்டாம். கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள், நுரை வரக்கூடாது. லட்டுத் தளத்தின் மேல் ஊற்றி, தட்டை வெந்நீர்த் தட்டுக்குள் வைத்து, 160 பாகையில் அரை மணி நேரம். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே நிறுத்திவிடுங்கள். ஐஸ்பெட்டியில் இறுகிக்கொள்ளும்.

தீபாவளிக்குப் பிறகு மலிவு விற்பனையில் பரிசுக்கூடை வாங்கினேன். வீட்டில் பிரித்தால் இரண்டு சாக்லேட் பெட்டியும் காலாவதி. கடைக்காரர் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டுகிறார். கேக்கில் போட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறார். (கெப்போங் வாசகர்)

போடாதீர்கள், விடவும் செய்யாதீர்கள். அந்தப் பலகைக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையை ஒரு பலகை மாட்டிப் பறிக்க முடியாது. தாரிக் லுப்புட், அதாவது காலாவதித் தேதி, தாண்டிய உணவை விற்பதே குற்றம். கண்ணாடித் தாளில் சுற்றி, நாடா கட்டி, தேதி உள்பக்கம் திரும்பியிருந்தது என்பது சமாதானம் ஆகாது.

ரசீது, கூடை, தேதி தெரியும் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு கடைக்கு எழுத்து மூலம் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் உள்நாட்டு வாணிப அமைச்சுக்கும் புகார் கொடுங்கள். பணத்துக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். 60 வெள்ளிக் கூடைக்கு இவ்வளவு அலைச்சலா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அடுத்த வருஷமும் அதே கூடை அலமாரிக்கு வருகிறது.

கலர் கலராகக் கடினமான பழ மிட்டாய் நிறைய இருக்கிறது. அதற்கு ஏதாவது வழி? (செந்தூல் மாணவி)

இருக்கிறது. பிஸ்கட் மாவை வட்டமாக வெட்டி, நடுவில் சின்ன ஓட்டை போட்டு, நொறுக்கிய மிட்டாயை அதில் நிரப்பி 175 பாகையில் எட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள். உருகி, ஆறியதும் கண்ணாடி ஜன்னல் மாதிரி நிற்கும். தட்டில் பேக்கிங் தாள் கட்டாயம். ஆறியவுடன் டப்பாவில் மூடுங்கள், நம் ஈரக் காற்றில் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும். ஆறும் வரை கைபட விடாதீர்கள், உருகிய சீனி தோலில் ஒட்டினால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும்.

இதற்காகவே இணையத்தில் மலிவாக ஒரு சின்ன ஓவன் பார்த்தேன். வாங்கலாமா? (பிறை வாசகர்)

பொருளின் படத்தில் மின்சாதனப் பாதுகாப்புக்கான சிரிம் ஒட்டுவில்லை தெரிகிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். படம் அனுப்ப மறுத்தால் வேண்டாம். செருகி நம் ஊர் மூன்று முனை வகையாக இருக்க வேண்டும். இரண்டு முனையோடு ஒரு மாற்றியும் சேர்த்து அனுப்பும் வெளிநாட்டுப் பொருளைத் திருப்பி அனுப்புங்கள். வந்த பிறகு நேராகச் சுவரில் செருகுங்கள், நீட்டிப்புக் கம்பியில் ரைஸ் குக்கரோடு சேர்த்துப் போடாதீர்கள். மிஞ்சிய இனிப்புக்காக மட்டும் என்றால் இந்த வருஷம் வாங்காதீர்கள். அடி கனமான சட்டியில் உப்பைப் பரப்பி, நடுவில் ஒரு தாங்கி வைத்து, மூடி பத்து நிமிஷம் காயவிட்டு, அதன் மேல் பிரௌனித் தட்டை வையுங்கள். சிறு தீயில் முப்பத்தைந்து நாற்பது நிமிஷம் ஆகும். என் அம்மா அப்படித்தான் கேக் சுட்டார், அந்தச் சட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.